உங்கள் அட்டவணையில் வலிக்கு ஓர் இடம் கொடுங்கள்

சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வியன்னாவில் கூடும் வாரியத்தின் 13 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு செவிலியர். பல ஆண்டுகளாக நோய்த்தணிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இனிக் குணமாகாது என்று தெரிந்துவிட்டவர்களின் வலியையும் மூச்சுத்திணறலையும் குறைப்பதுதான் என் வேலை. நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையை, அதிலும் எந்த நாட்டில் எவ்வளவு ஓபியாய்டு வலிநிவாரணி (மார்ஃபினும் அதைப் போல வேலை செய்யும் மருந்துகளும்) பயன்பட்டது என்று சொல்லும் அட்டவணையை, விடாமல் படிப்பவள். அந்த அட்டவணையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஓர் இரவைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் மார்ஃபின் இருந்த அலமாரிக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று ஒரு சாவிக்காரர் விடுப்பில் போய்விட்டார், மாற்று ஆளை யாரும் நியமிக்கவில்லை. தாடையில் புற்றுநோய் வந்த ஒரு பெரியவர் விடியும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. அவருக்கு வேண்டிய மாத்திரை பத்தடி தூரத்தில் இருந்தது. காலையில் 10 மில்லிகிராம் கொடுத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் தூங்கிவிட்டார். அப்போது அவருடைய மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "சிஸ்டர், அப்பா இதுக்கு அடிமையாகிட மாட்டாரே?"

அவருடைய அப்பாவுக்கு மிஞ்சியிருந்தது சில வாரங்கள். இருந்தாலும் அந்த மகன் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து கிளம்பி வந்தது என்று எனக்குத் தெரியும்.

1980இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் தங்கியிருந்தபோது ஓபியாய்டு பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு போதைப் பழக்கம் இல்லாமல் இருந்து அடிமையானதாக உறுதிப்பட்டவர்கள் நான்கு பேர்தான் என்றது அது. மருத்துவமனைக் கட்டிலில், மேற்பார்வையில், கொஞ்ச நாள் மருந்து வாங்கியவர்களைப் பற்றிய குறிப்பு அது. வீட்டில் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளில் அதை 600க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டின. அவற்றில் பெரும்பாலானவை "ஓபியாய்டுக்கு அடிமையாவது அரிது" என்பதற்கு அதையே சான்றாக நிறுத்தின. 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரித்த பர்டூ ஃபார்மாவின் விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களின் அறைக்கே போய், முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இதை எழுதுங்கள், ஆபத்து குறைவு என்று சொன்னார்கள். அந்த மருந்தைப் பற்றித் தவறான தகவல் பரப்பியதாக 2007இல் பர்டூவின் இணை நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

2012இல் அமெரிக்காவில் 25 கோடிக்கும் மேற்பட்ட ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. 100 பேருக்கு 81 சீட்டு. அப்புறம் கட்டுப்பாடு வந்தது, 2020இல் அது 100 பேருக்கு 43 ஆகக் குறைந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது போலத் தெரியும். ஆனால் ஓபியாய்டு சம்பந்தப்பட்ட மிகையளவு மரணங்கள் 2010இல் சுமார் 21,000, 2021இல் 80,000க்கும் மேல். சீட்டு பாதியானது, சாவு கிட்டத்தட்ட நான்கு மடங்கானது. ஏற்கெனவே மருந்தைச் சார்ந்து போயிருந்தவர்களுக்கு மாற்றுச் சிகிச்சை எதுவும் கொடுக்காமல் கதவைச் சாத்தினார்கள். 2010இல் ஆக்ஸிகான்டினைப் பொடிக்க முடியாதபடி மாற்றி அமைத்ததும் பலர் ஹெராயினுக்குப் போனார்கள். 2013 வாக்கில் மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் கள்ளச்சந்தையில் பரவத் தொடங்கியது. நீண்டகால வலிநோயாளிகள் பலருக்கு மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த கேட்டைப் பார்த்துவிட்டு, அப்படி நிறுத்தாதீர்கள், கடும் வலியும் தற்கொலையும்கூட நேர்கிறது என்று 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்க வேண்டி வந்தது.

இந்தக் கதைதான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மார்ஃபின் போய்ச் சேராத ஊர்களுக்கெல்லாம் அது சேர்ந்துவிட்டது.

சரி, உங்கள் அட்டவணையில் ஜெர்மனியைப் பாருங்கள். தலைக்கு இத்தனை என்று கணக்கிட்டால் அதுவும் உலகின் முன்வரிசையில்தான் நிற்கிறது. அங்கே முதியவர்களுக்கு ஃபென்டனில் ஒட்டுப்பட்டைகள் நிறைய எழுதப்படுகின்றன. அது அதிகம் என்று கவலைப்படும் மருத்துவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அமெரிக்காவில் நடந்த அளவுக்குச் சாவுகள் அங்கே நடக்கவில்லை. ஏன்? என் புரிதல் இது: கடும் ஓபியாய்டுக்குத் தனியான, எண்ணிட்ட சீட்டு இருக்கிறது. மாத்திரை தவிர உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் வலி மருத்துவமனைக்கும் காப்பீடு பணம் கொடுக்கிறது. மருந்துச் சீட்டு தேவைப்படும் மருந்துகளைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது. அடிமையானவருக்கு மெத்தடோன் போன்ற மாற்று மருந்துச் சிகிச்சை எட்டும் தூரத்தில் இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட உங்கள் எண்ணில் தெரியாது. பத்து லட்சம் பேருக்கு ஒரு நாளைக்கு இத்தனை அளவு (ஓர் அளவு என்பது கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு நாள் மருந்து) என்ற ஒரே கட்டத்தில் இரு நாடுகளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல உட்கார்ந்திருக்கின்றன.

மற்ற பணக்கார நாடுகளில் கதை இவ்வளவு கொடூரம் இல்லை, ஆனாலும் திசை தெரிகிறது. இங்கிலாந்தில் 2017-18இல் மட்டும் 56 லட்சம் பெரியவர்களுக்கு ஓபியாய்டு வலிநிவாரணி எழுதப்பட்டது. பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2018இலும் சீட்டில்லாமல் கோடீன் என்ற லேசான ஓபியாய்டை விற்பதை நிறுத்தின. கனடா அமெரிக்கா நடந்த பாதையிலேயே நடந்து அதே பள்ளத்தில் விழுந்தது.

இப்போது அட்டவணையின் அடிப்பக்கம். உங்களைப் போன்றவர்களிடம் நான் பேச வேண்டியது இதைத்தான்.

2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் ஒன்று கணக்கெடுத்தது. மார்ஃபினுக்கு இணையாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 300 டன் ஓபியாய்டு உலகில் வினியோகமானது. அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது 100 கிலோ. 300 டன்னில் 100 கிலோ. 2015இல் மட்டும் சுமார் இரண்டரைக் கோடிப் பேர் கடும் வேதனையோடு இறந்தார்கள், பெரும்பாலும் வளரும் நாடுகளில். தேவையில் மெக்சிகோவில் 36 விழுக்காடும், சீனாவில் 16 விழுக்காடும், இந்தியாவில் 4 விழுக்காடும், நைஜீரியாவில் 0.2 விழுக்காடும்தான் கிடைத்தது. உலகம் முழுக்க இந்தப் பள்ளத்தை நிரப்ப ஆண்டுக்கு 14.5 கோடி டாலர் போதும் என்றும் அந்த ஆணையமே சொன்னது, மருந்தை மலிவான விலைக்கு வாங்கினால்.

மார்ஃபின் பழைய மருந்து. யாருக்கும் காப்புரிமை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இருக்கிறது. அப்படியானால் தடுப்பது எது? பெரும்பாலும் காகிதமும் பயமும்தான். இந்தியா உலகத்துக்கே சட்டப்படி அபின் விளைவித்துக் கொடுத்த நாடு. 1985இல் அங்கே வந்த கடுமையான போதைப்பொருள் சட்டத்தால், ஒரு சின்னப் பதிவுத் தவறுக்கும் சிறைக்குப் போகலாம் என்று பயந்து மருத்துவமனைகள் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. சுமார் பத்தாண்டுகளில் அந்நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. சட்டத்தைத் திருத்த 2014 வரை ஆனது. அதே 2014இல், பிப்ரவரியில், மாஸ்கோவில் புற்றுநோய் வந்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் வலி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி அன்றைய பகலை மார்ஃபின் சீட்டுக்கான கையெழுத்துக்காக அலைந்தே கழித்திருந்தார். ரஷ்யா தன் விதிகளைத் தளர்த்தியது அதற்குப் பிறகுதான். இந்த இரண்டையும் படித்தபோது எனக்கு அந்தப் பூட்டிய அலமாரிதான் நினைவுக்கு வந்தது.

முடியாது என்று சொல்லாதீர்கள். உகாண்டாவைப் பாருங்கள். மருத்துவர்கள் போதாத நாடு. 2004இல் பயிற்சி பெற்ற செவிலியர்களும் மார்ஃபின் எழுதலாம் என்று சட்டம் போட்டார்கள். தூளை வாங்கி வந்து, அங்கேயே தண்ணீரில் கரைத்து, புட்டியில் அடைத்து, நோயாளிக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். மார்ஃபின் கரைசல் கசக்கும், ஆனால் கைக்குழந்தைக்கும் விழுங்க முடியாத கிழவருக்கும் கொடுக்கலாம். அதோடு மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வேளை தவறாமல் கொடுக்க வீட்டில் ஒருவர். இவ்வளவுதான் வேண்டும். அமெரிக்காவில் நடந்தது போன்ற ஒன்று அங்கே நடக்கவில்லை.

டிராமடால் என்ற ஓபியாய்டு வலிநிவாரணி பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது போதைப்பொருள்கள் பற்றிய 1961 சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இல்லை, அதனால் உங்கள் கணக்கிலும் வராது. ஆனால் மார்ஃபின் கிடைக்காத பல நாடுகளில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கையில் இருக்கும் ஒரே மருந்து அதுதான். அதே நேரம் மேற்கு ஆப்பிரிக்கத் தெருக்களில் அளவுக்கு மீறிய வீரியத்தில் அது கள்ளத்தனமாக விற்கப்படுகிறது. இந்தியா 2018இல் அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பிறகு டாபென்டடால் என்ற இன்னொரு ஓபியாய்டு கலந்த மாத்திரைகள் அந்த இடத்தைப் பிடித்தன, 2025இல் அவற்றின் ஏற்றுமதியையும் தடுக்க வேண்டி வந்தது. மருந்து போகாத வழியில் கள்ள மாத்திரை போகிறது.

உங்களைக் குறை சொல்ல மட்டும் நான் எழுதவில்லை. பத்து லட்சம் பேருக்கு ஒரு நாளைக்கு 200 அளவுக்குக் கீழே இருந்தால் போதாது, 100க்குக் கீழே இருந்தால் மிகமிகப் போதாது என்று வரையறுத்ததே நீங்கள்தான். வலி தீர்க்க இம்மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்று 1961 உடன்படிக்கையின் முன்னுரையே சொல்கிறது, நீங்களும் அதைப் பல அறிக்கைகளில் நினைவூட்டியிருக்கிறீர்கள். ஆனால் நினைவூட்டல் வேறு, கேள்வி கேட்பது வேறு. ஒரு நாட்டில் மருந்து கள்ளச்சந்தைக்குக் கசிந்தால் நீங்கள் விளக்கம் கேட்கிறீர்கள். ஒரு நாடு தன் புற்றுநோயாளிகளில் நூற்றில் ஒருவருக்குக்கூடப் போதாத அளவை தன் ஆண்டுத் தேவை மதிப்பீடாக உங்களுக்கு எழுதி அனுப்பினால், அதே குரலில் விளக்கம் கேளுங்கள். போன ஆண்டு இவ்வளவுதான் செலவானது, அதனால் இந்த ஆண்டும் இவ்வளவு போதும் என்று எழுதுகிறார்கள். போன ஆண்டு மருந்து இல்லாததால்தானே செலவாகவில்லை!

அட்டவணையில் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில், அந்த நாட்டில் கடும் வலியோடு இறந்தவர்களில் எத்தனை பேருக்கு மார்ஃபின் கிடைத்தது என்ற மதிப்பீட்டை வையுங்கள். வாயால் குடிக்கும் மலிவான மார்ஃபினையும், விலை உயர்ந்த ஒட்டுப்பட்டையையும் பிரித்துக் காட்டுங்கள். தலைநகரத்து மருத்துவமனை ஒன்றில் மட்டும் இருக்கிறதா, மாவட்டங்களுக்கும் போகிறதா என்று கேட்டு எழுதுங்கள். எண் உயர்ந்தால் யாருக்கு உயர்ந்தது, குறைந்தால் யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்று அப்போதுதான் தெரியும். அமெரிக்காவின் 100 பேருக்கு 81 சீட்டு என்ற கணக்கைக் காட்டி ஒரு சுகாதார அமைச்சர் தன் நாட்டின் வார்டுக்கு மார்ஃபினை மறுக்கும்போது, அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் இப்போது எதுவும் இல்லை.

அந்த மகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அப்பாவுக்கு வலி இருக்குற வரைக்கும் இது அவருக்கு மருந்துதான். அளவு கூடுதா, தூக்கம் அதிகமாகுதா, மூச்சு எப்படி இருக்கு, எல்லாத்தையும் நான் பார்த்துக்குறேன். நீங்க நேரம் தவறாம குடுங்க." அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வேளையையும் நேரம் போட்டுக் குறித்து வைத்தார், பத்தொன்பது நாள். அந்தப் பெரியவர் கடைசி நாள்வரை மகனோடு பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த மதிப்பீட்டுப் படிவங்கள் உங்கள் மேசைக்கு வரும்போது, மிகச் சிறிய எண்களை முதலில் எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
நோய்த்தணிப்புப் பிரிவில் பணிபுரியும் ஒரு செவிலியர்