நிற்பவர்கள், இடமிருந்து வலம்: சென்னைப் பல்கலைக்கழக அணிகளின் படத் தொகுப்புக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் குழுவில் ஒருவர் வீட்டுப் பரணை ஒழித்தபோது பழைய குழுப்படம் ஒன்று கிடைத்தது. கறுப்பு வெள்ளை. நாற்காலியில் ஐந்து பேர், பின்னால் எட்டுப் பேர், தரையில் சப்பணமிட்டு இருவர், நடுவில் ஒரு வாலிபால். அட்டையின் மேற்புறம் பல்கலைக்கழகத்தின் பெயர் தெளிவாக இருக்கிறது. கீழ்ப்புறம், ‘நிற்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று பெயர் அச்சிட்டிருக்கும் பகுதியை, கரையான் அரித்துவிட்டது. முகங்களை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் தின்றிருக்கிறது!

வீட்டுக்காரரும் அந்தப் படத்தில் இருக்கிறார். தன்னையும் சேர்த்து நான்கு பேரைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. “இவன் கோயம்புத்தூர்ப் பையன், எங்க லிஃப்டர். பந்தை அப்படியே கையில வெச்சுக் கொடுப்பான். பேர் வாயிலேயே நிக்குது, வரமாட்டேங்குது” என்றார். (லிஃப்டர் என்றால், அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் வாலிபால் ஆட்டக்காரர்.) மற்ற பதினொரு பேர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. இந்த வேண்டுகோள் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதலில் எங்களைப் பற்றி. நாங்கள் ஒன்பது பேர். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆட்டங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள். இது பல்கலைக்கழகம் நடத்தும் குழு அல்ல, அதன் பெயரில் பணம் வாங்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. பழைய மாணவர்கள் தம் கைக்காசைப் போட்டுத் தொடங்கிய வேலை. பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளைப் பற்றி வீடுகளில் கிடக்கும் படங்கள், ஸ்கோர் புத்தகங்கள், சான்றிதழ்கள், பத்திரிகைத் துணுக்குகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பெயர் கண்டுபிடித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பதே திட்டம்.

பழைய படத்துக்கு இவ்வளவு பாடு தேவையா என்று சிலர் கேட்டார்கள். இந்தப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது என்று பார்த்தால் தேவை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. 1839 நவம்பரில் சென்னை மாகாணத்து மக்கள் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் கொடுக்கப்பட்டது. எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்பதுதான் அதன் சாரம். தொலைபேசி இல்லாத, ரயில் இல்லாத காலத்தில் அத்தனை கையெழுத்துகளைத் திரட்டியிருக்கிறார்கள். பிறகு 18 ஆண்டுகள் கழித்து, 1857 செப்டம்பர் 5-ல் பல்கலைக்கழகத்தை நிறுவும் சட்டம் வந்தது. 1858-ல் முதல் பி.ஏ. பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை.

தாமோதரம்பிள்ளையை நாங்கள் அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம். எடுத்தால் உதிரும், தொட்டால் ஒடியும் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடி அச்சில் ஏற்றியவர் அவர். அந்த வேலைக்கும் எங்கள் வேலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், தெரியும். ஆனாலும் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் செய்த வேலையே அழிகிறதைக் காப்பாற்றுகிற வேலைதான் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் தெம்பு. இன்னொன்றும் உண்டு. புத்தகங்களை எப்படி வகைப்படுத்தி அடுக்குவது என்று உலகத்துக்கே வழி சொன்ன எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-ல் இங்கேதான் நூலகராகச் சேர்ந்தார். நம் அணிப் படங்களோ ஷூ பெட்டிகளில் கிடக்கின்றன. அவர் பார்த்தால் என்ன சொல்வாரோ!

பல்கலைக்கழக அணி என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி அணி புரியும். ஒரே வகுப்பு, ஒரே மெஸ். பல்கலைக்கழக அணி அப்படியில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் யாரை வீழ்த்த வேண்டும் என்று வருடம் முழுக்கப் பல்லைக் கடித்தோமோ, அவனோடு மூன்று வாரம் ஒரே முகாமில் படுத்து, ஒரே வாளியில் குளித்து, ஒரே சட்டை போட்டு ஆட வேண்டும். குழுவின் சார்பில் இதை எழுதும் நான், 1979-ல் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வாலிபால் அணிக்குத் தேர்வானேன். எங்கள் அணியில் திருச்சிப் பையன் இருந்தான், கோயம்புத்தூர்ப் பையன் இருந்தான், சென்னையில் டாக்டருக்குப் படித்த ஒருவர் இருந்தார். எலும்பு பெயர்களை ஒப்பித்துக்கொண்டேதான் அவர் வார்ம்-அப் ஓடுவார். சென்ட்ரலில் ரயில் சலுகைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது, அன்றாடப் பேட்டாவை மிச்சம் பிடித்துப் புரோட்டா தின்றது, தோற்றுத் திரும்பிய இரவில் யாரும் பேசாமல் வந்தது எல்லாம் நினைவிருக்கிறது. டிராக் சூட்டைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நினைவிருக்கிறது. பெயர்கள்தான் நழுவுகின்றன.

பெரிய பெயர்கள் எங்கேயும் போகாது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதே, 19 வயதில், 1965-ல் நியூசிலாந்துக்கு எதிராக இந்தியக் கிரிக்கெட் அணியில் இறங்கிய வெங்கட்ராகவன், அதே கல்லூரியில் பிறகு படித்த ஸ்ரீகாந்த், 1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற லயோலா மாணவர் ராமநாதன் கிருஷ்ணன், அதே லயோலாவில் பி.காம். படித்த விஸ்வநாதன் ஆனந்த் ஆகியோரின் படங்கள் பத்திரிகை அலுவலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் கவலை பன்னிரண்டாவது ஆளைப் பற்றியது. தண்ணீர் கொண்டுபோனவர், மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்தே திரும்பியவர், வலை கட்டிய மைதான ஊழியர். அணியை அணியாக வைத்திருந்ததில் பாதி இவர்கள்தான்.

சரி, இதையெல்லாம் ஏன் யாரும் முன்பே தொகுக்கவில்லை? யாரையும் குறை சொல்வதற்கில்லை. இந்தப் பல்கலைக்கழகம் பிள்ளைகளைப் பெற்றுப் பெற்றுத் தனிக்குடித்தனம் வைத்த தாய். 1916-ல் மைசூர், 1926-ல் ஆந்திரா, 1929-ல் அண்ணாமலை, 1937-ல் திருவிதாங்கூர் என்று ஒரு காலம். அப்புறம் 1966-ல் மதுரை. 1978-ல் கிண்டியைச் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகம் வந்தபோது பொறியியல் மாணவர்கள் போனார்கள். 1982-ல் பாரதியார், பாரதிதாசன் இரண்டும் வந்து கோவையும் திருச்சியும் போயின. 1988-ல் மருத்துவக் கல்லூரிகள் தனிப் பல்கலைக்கழகத்துக்கு மாறின. 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்து எங்கள் வேலூரும் போனது. ஒவ்வொன்றும் தேவையான பிரிவுதான். தேர்வு எழுதவும் சான்றிதழ் வாங்கவும் சென்னைக்கு ஓடியவர்களுக்கு அது தெரியும். ஆனால் பாகப்பிரிவினையில் நிலத்துக்குப் பத்திரம் இருக்கும், கோப்புக்கு எண் இருக்கும். 1979-ல் எடுத்த ஒரு குழுப்படம் யாருடைய பங்கு? நான் படித்த கல்லூரி இப்போது வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எங்கள் லிஃப்டர் படித்த கல்லூரி இன்னொன்றில். நாங்கள் ஆடிய அணியோ மூன்றாவது இடத்தில். அந்தப் படத்தை யாரும் கேட்டு வராததற்குக் காரணம் இதுதான்.

பெண்கள் அணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னையில் ராணி மேரி கல்லூரி 1914-ல் தொடங்கியது, மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915-ல். அந்தக் கல்லூரிகளின் பெண்கள் பல தலைமுறைகளாக ஆடியிருக்கிறார்கள். ஆனால் எங்களிடம் இதுவரை வந்த படங்களில் பெண்கள் அணிப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. குழுவில் உள்ள இரண்டு அக்காக்கள் காரணத்தைச் சொன்னார்கள். கல்யாணமாகிப் போகும்போது நகையும் பாத்திரமும் கூடப் போகும், கோப்பையும் படமும் பிறந்த வீட்டில் தங்கிவிடும். அப்பா அம்மா காலமாகி வீட்டை விற்கும்போது அவை எடைக்குப் போகும். அதைவிடச் சிக்கல், இனிஷியல் மாறிவிடுகிறது. படத்தின் கீழ் அப்பா பெயரின் முதலெழுத்து, இன்றைய ஆதார் அட்டையில் கணவர் பெயர். ஒரு கோ-கோ அணியின் தலைவியைத் தேடி ஏழு மாதம் அலைந்தோம். கடைசியில் அவர் எங்கள் பொருளாளரின் அடுத்த தெருவில் இருந்தார். பேரப்பிள்ளைகளுக்கே தெரியாதாம், பாட்டி ஓடுவாள் என்று.

நேரம் குறைவு என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் ஒரு தோழரின் வீட்டுக்குள் ஆற்று நீர் புகுந்தபோது, கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் இருபது வருடத்து ஹாக்கிப் படங்கள் இருந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை. வெள்ளம் வராத வீடுகளில் கடற்காற்றின் ஈரம் போதும். சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. தயவுசெய்து அதைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே கொண்டுவாருங்கள், கண்ணாடி வழியாகவே ஸ்கேன் செய்யலாம். எண்பதுகளில் வந்த பிளாஸ்டிக் தாள் மூடிய பசை ஆல்பங்கள் இன்னும் மோசம். வண்ணப் படங்கள் சிவந்து வெளுத்துப்போகின்றன. அவற்றுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்கள் நன்றாக இருக்கின்றன என்பது வேடிக்கை.

இனி பணம். மொத்த மதிப்பீடு 8,60,000 ரூபாய். இதில் 1,74,000 ரூபாயைக் குழுவினரே போட்டுவிட்டோம். பெரிய அளவுப் படங்களை மடக்காமல் வைக்கக்கூடிய ஸ்கேனரும் சேமிப்பு வட்டுகளும் 2,20,000 ரூபாய். ஸ்கேன் செய்து, பட்டியல் போட, ஒருவருக்கு மாதம் 18,000 வீதம் ஓராண்டுச் சம்பளம். இளைஞர்களை ‘சேவை’ என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். அதில் மட்டும் சண்டை வரவில்லை. வேலூர், திருச்சி, கோவை, மதுரை என்று போய் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய 90,000 ரூபாய். சிதைந்த படங்களைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு 60,000. கடைசியில் 500 பிரதி படநூல் அச்சிட 2,40,000. மீதம் எதிர்பாராச் செலவுக்கு. கோப்புகளின் ஒரு முழுப் பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க முன்வருவோம், ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சி.

ஒரு கேள்வி நியாயமானது, அதை மழுப்பக் கூடாது. இன்று ஆடும் பிள்ளைகளுக்கே நல்ல ஷூ இல்லை, செத்த படத்துக்கு எட்டரை லட்சமா என்று எங்கள் சொந்த அணித் தோழரே கேட்டார். அவருக்கு நாங்கள் சொன்ன பதில்: ஷூ வாங்கிக் கொடுக்க விரும்பினால் அதற்கே கொடுங்கள், எங்களுக்கு வேண்டாம். இரண்டுக்கும் கொடுக்க முடிந்தால் மட்டும் இங்கே வாருங்கள். அவர் ஷூவுக்குக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து ஒரு பை நிறையப் படங்களோடும் வந்தார்.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கிரிக்கெட்டுக்கு வழங்கப்படும் ரோஹிண்டன் பாரியா கோப்பையும் 1935-ல் ஒரு தந்தை தன் மகன் நினைவாகக் கொடுத்ததுதான். அதைப்போல, யாருடைய நினைவாகவாவது கொடுக்க விரும்பினால் அவர் பெயர் நூலில் வரும். தொகை எவ்வளவானாலும் எழுத்தளவு ஒன்றுதான். நூறு ரூபாயும் வாங்கிக்கொள்வோம். ரொக்கம் வாங்க மாட்டோம். குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். கணக்கு விவரம் இந்த வேண்டுகோளை உங்களிடம் சேர்த்த உறுப்பினரிடம் கிடைக்கும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு எல்லோருக்கும் வரும். 80ஜி வரிச்சலுகை எங்களிடம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

பணம் தர முடியாதவர்கள் ஒரு பெயர் தாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெரினாவில் உழைப்பாளர் சிலை அருகே கூடுகிறோம். பெயர் தெரியாத படங்களின் பிரதிகள் ஒரு கோப்பில் இருக்கும், புரட்டிப் பார்க்கலாம். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள். முக்கியமாக, எழுபதுகளின் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து வந்து வாலிபால் ஆடிய லிஃப்டர் ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பின்வரிசையில், இடமிருந்து மூன்றாவது. இடது முழங்காலில் கட்டு போட்டிருப்பார்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்