திரும்பி வரும் நாளும் யாத்திரைதான்: குழுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து ராமேஸ்வரம், மதுரை என்று குழுவாக யாத்திரை அழைத்துச் செல்லும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் நோட்டீஸில் ஒவ்வொரு நாளுக்கும் நான்கைந்து வரி இருக்கிறது. எந்தக் கோயில், எந்தத் தீர்த்தம், மதியச் சாப்பாடு எங்கே என்று எல்லாம் விவரமாகப் போடுகிறீர்கள். ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்பியதும் எழுத்து சுருங்கிவிடுகிறது. 'மதுரை வழியாகச் சென்னை திரும்புதல்', அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் 600 கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது. உங்களை நம்பி வரும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் அதை உட்கார்ந்தே கடக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பயணம் எந்த நிலையில் தொடங்குகிறது என்று பாருங்கள். விடியற்காலை ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்காக மூன்றரைக்கே எழுப்புகிறீர்கள். பிறகு அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. அங்கிருந்து கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் விழ, ஈரப் புடவை காலைத் தடுக்க, வழுக்கும் கல்தரையில் கிணறு கிணறாக நடந்து முடிப்பதற்குள் திடமானவர்களுக்கே மூச்சு வாங்கும். மனம் நிறையும் அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் துணி மாற்றி, இரண்டு இட்லி சாப்பிட்ட கையோடு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறீர்கள். போகிற வழியில் திருப்புல்லாணி, உத்திரகோசமங்கை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். சாயங்காலக் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு அறைக்கு வரும்போது பாதிப் பேர் சாப்பாடே வேண்டாம் என்று படுத்துவிடுகிறார்கள். மறுநாள் விடிந்ததும் அழகர்கோயில், ஸ்ரீரங்கம், சமயபுரம், அப்புறம் சென்னை.

நானும் அம்மாவும் போன குழு சமயபுரத்தை விட்டுக் கிளம்பும்போதே இரவு எட்டு மணி. தாம்பரம் வந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. பழகியவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு குழுவைப் பற்றி இதே கதையைச் சொல்கிறார்கள்.

பஸ்ஸுக்குள் நடப்பதில் ஒன்று உங்கள் கண்ணில் படுவதே இல்லை. பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அடுத்து எங்கே நிறுத்துவீர்கள், அங்கே கழிப்பறை எப்படி இருக்கும் என்று தெரியாததால் காலையிலிருந்தே வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு அதையும் எடுப்பதில்லை. என் அம்மா எடுக்கவில்லை. பக்கத்து சீட்டு மாமியும் எடுக்கவில்லை. மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கால் வீங்கும். தண்ணீரும் குடிக்காமல் அப்படியே இருந்தால் கால் நரம்புக்குள் ரத்தம் உறைந்துபோகும் ஆபத்து உண்டு. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவருக்கு இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கா பத்தரைக்கா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எத்தனை மணிக்கு எங்கே நிறுத்தப்போகிறோம் என்று காலையில் ஏறும்போதே மைக்கில் சொல்லிவிட்டால், அதன்படி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினால், இதில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். இதற்கு உங்களுக்குப் பைசா செலவில்லை.

பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டையும் சொல்ல வேண்டும். முதல் நாள் யாருக்குக் கிடைத்ததோ, கடைசி நாள் வரை அவர்களுக்கே அந்தத் தூக்கிப்போடல். மாற்றி உட்கார வையுங்கள்.

ஓட்டுநரை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் எழுந்த நேரத்துக்கு அவரும் எழுந்தார். நாங்கள் தரிசனத்துக்குப் போன நேரத்தில் வெயிலில் நின்ற வண்டிக்குள் படுத்துத் தூங்கப் பார்த்தார். இரவு முழுக்க அவரேதான் ஓட்டினார். ஓட்டுநருக்கு ஒரு நாளில் எட்டு மணி நேர வேலை, நெடுந்தூரம் என்றாலும் பத்து மணியைத் தாண்டக்கூடாது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட்டக்கூடாது, நடுவே அரை மணியாவது ஓய்வு என்று 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. கடைசி இரண்டு நாளுக்காவது இரண்டாவது ஓட்டுநரைப் போடுங்கள். எங்கள் உயிர் மட்டுமல்ல, அவருடையதும்தான் அந்த ஸ்டியரிங்கில் இருக்கிறது.

சென்னைக்குள் வந்து சேர்வது தனிப் பாடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமோ பொங்கல், தீபாவளி விடுமுறை முடிகிற நாளோ, பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டி ஊர்ந்துதான் வரும். இது சென்னையில் எல்லோருக்கும் தெரிந்தது, உங்களுக்குத் தெரியாததா? அப்படியும் யாத்திரையை ஞாயிறு இரவில் கொண்டுவந்து முடிக்கிறீர்கள். நள்ளிரவில் சாலையோரம் மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டால், அந்த நேரத்தில் மின்சார ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. ஆட்டோக்காரர் கேட்டதுதான் கட்டணம். தனியாக வந்த பாட்டிகள் விடியும் வரை நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு ஒன்பதுக்குள் தாம்பரத்தில் இறக்கிவிட்டால் மாம்பலமோ எழும்பூரோ ரயிலேறி அவரவர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவோம்.

நேரம் போதாது என்பீர்கள். போதும், இரண்டு கோயிலைக் குறைத்தால். சமயபுரமும் ஸ்ரீரங்கமும் சென்னைக்காரர்கள் தனியாகப் போய்வரக்கூடிய தலங்கள்தான். எட்டு தலத்தை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஆறு தலத்தில் நின்று கும்பிடுவதையே என் அம்மா விரும்புவாள். அல்லது மதுரையோடு பஸ் பயணத்தை முடித்துக்கொண்டு, காலையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸில் முன்கூட்டியே எல்லோருக்கும் சீட்டு எடுத்துவிடுங்கள். எழுந்து நடக்கலாம், கழிப்பறை பெட்டியிலேயே இருக்கிறது, மதியமே ஊர் வந்துவிடும். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது. இருந்தாலும் பகல் ரயிலில் உட்கார்ந்து வரும் கட்டணம் யாத்திரைக் கட்டணத்தின் பக்கத்தில் பெரிய தொகையே இல்லை. கூடுதலாக ஆகிறதைக் கேளுங்கள், கொடுக்கிறோம்.

மார்கழி, தை யாத்திரைகளுக்கு நோட்டீஸ் அடிக்கும் நேரம் வருகிறது. இந்த முறை கடைசி இரண்டு நாளுக்கும் புறப்படும் நேரம், நிறுத்தும் இடங்கள், சாப்பாட்டு நேரம், சென்னை வந்து சேரும் நேரம், எத்தனை ஓட்டுநர் என்பதை அச்சில் போடுங்கள். அப்படி ஒரு நோட்டீஸ் கையில் வந்தால் எங்கள் தெருவிலேயே ஒரு வேன் நிறைய ஆள் சேர்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
அம்மாவோடு யாத்திரை வரும் மகள்,
மேற்கு மாம்பலம், சென்னை