படகை விற்றுவிட்டேன், அக்கா

அக்கா,

இன்று ஆகஸ்ட் 12. நூலகவியல் மேதை ரங்கநாதன் பிறந்த நாள், உங்கள் நூலகர் தினம். காலையிலிருந்து உன் பழைய மாணவர்கள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். நான் வாழ்த்த வரவில்லை. பாய்மரப் படகை விற்றுவிட்டேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் கடைசி வரி வரை படிப்பாய்.

நீ கோவைக்குப் போய் மூன்று வருஷம். "வச்சிரு, வருவேன்" என்றாய். வைத்திருந்தேன். நிறுத்துகிற கட்டணத்தை ஒரு தவணை விடாமல் கட்டினேன். நீலப் பாய் மடிப்போரமெல்லாம் வெளுத்து, பூஞ்சை பிடித்து, கயிறுகள் உப்பேறி விறைத்துக் கிடந்தன. புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்ற ரங்கநாதனின் முதல் விதியை வீட்டில் எத்தனை முறை ஓதியிருப்பாய்! கண்ணாடி அலமாரிப் பூட்டுகளைத் திறக்க வைக்க நீ யாரோடெல்லாம் மோதினாய் என்பதை இங்கே எழுத மாட்டேன், அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். படகுக்கு மட்டும் அந்த விதி கிடையாதா?

சரி, இது வாதத்துக்கு. பணம் போனதும் வலித்தது.

விற்ற அன்று ராத்திரி முழுக்க அந்த மே மாதத்துச் சனிக்கிழமைதான். ஸ்டாக் வெரிஃபிகேஷன் முடித்து, கையெல்லாம் புத்தகத் தூசியோடு வந்து, "கடல்காத்து ஏறிடுச்சு, கிளம்புடா" என்றாய். துறைமுகத்துக்குள்ளேயே நாலாவது சுற்று. காற்று பின்னாலிருந்து அடித்தது. நீ திருப்பினாய், பாயின் அடிக்கட்டையான பூம் என் தலைக்கு மேல் வீசிப் போனது, நான் தப்பான பக்கம் உட்கார்ந்துவிட்டேன். படகு படுத்துவிட்டது. நான் பாய்க்கு அடியில் இருந்தேன். கண்ணைத் திறந்தால் எல்லாம் நீலம். மூக்கில் டீசல் நாற்றத்தோடு உப்புத் தண்ணீர். எப்படியோ வெளியே வந்தபோது, நீ ஏற்கெனவே படகின் அடியில் நீட்டியிருக்கும் சென்டர்போர்டு பலகை மேல் ஏறி, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தாய். அப்போது கேட்டாய்: "சுக்கான் இருக்கா பாரு!"

நான் இருக்கிறேனா என்று கேட்கவில்லை.

பாய்மரம் மெல்ல எழுந்தது. பாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. லைஃப் ஜாக்கெட்டோடு என்னை அள்ளி உள்ளே போட்டு, "பயந்துட்டியாடா?" என்று சிரித்தாய். இருபத்தெட்டு வருஷம் 'அமைதி' பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவளின் சிரிப்பா அது! உன் நூலகத்தில் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அம்மாவும் பார்த்ததில்லை. சனி ஞாயிறு காற்று உனக்கு, அம்மாவின் கஞ்சியும் மாத்திரையும் எனக்கு என்று யார் பிரித்தது? ரங்கநாதன் 1925இல் லண்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போதுதான் நூல்களை வகைப்படுத்தும் தன் கோலன் பகுப்பு முறையைத் தீட்டினார், நூலகருக்கும் கடலுக்கும் சம்பந்தம் உண்டு என்று அம்மாவிடம் கதை அளந்துவிட்டுச் செருப்பை மாட்டுவாய். அம்மா நம்பினாள். நான் நம்பவில்லை, ஆனாலும் போகவிட்டேன். அதை நீ கவனித்தாயா என்று இன்றுவரை தெரியாது.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை. மன்னிப்பு என்று உட்கார்ந்தால் இவ்வளவுதான் வருகிறது. பணத்தை உன் கணக்கில் போட்டுவிட்டேன். கட்டின கட்டணத்தைக் கழிக்கலாம் என்று நினைத்தேன், கழிக்கவில்லை.

வாங்கியவன் இன்ஜினீயரிங் படிக்கிற பையன். கயிறு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான். முன்பக்கம் உள்ளே நீ ஒட்டி வார்னிஷ் அடித்த லேபிள் அப்படியே இருக்கிறது: 797.124. கோலன் பகுப்பைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு ஒட்டினதென்னவோ இன்னொரு பகுப்பு முறையான டியூயியில் பாய்மரப் படகோட்டம் பற்றிய நூல்களுக்கான எண். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.

"இது படகோட ரெஜிஸ்டர் நம்பரா சார்?" என்றான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி