பேரு கேக்காம விட்ட அண்ணனுக்கு நன்றி
நேத்து கரையில நின்னு எனக்கு உதவுன அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. படகுக்குப் பின்னாடி மாட்டுற என்னோட பழைய சின்ன அவுட்போர்டு மோட்டார் நல்லா ஸ்டார்ட் ஆகும், 10 நிமிஷம் ஓடும், அப்புறம் மூச்சு முட்டுன மாதிரி நின்னுரும், பிளக் மாத்தி கார்புரேட்டர கழட்டி கழுவி எல்லாம் பாத்தாச்சு ஒண்ணும் சரியாகல. அவரு வந்து பெட்ரோல் ஓஸ்ல இருக்குற, கையால அமுக்குற ரப்பர் பம்ப் பல்பத்தான் முதல்ல தொட்டுப் பாத்தாரு, சப்பிப்போய் கெடந்துச்சு, உடனே டேங்க் மூடியில இருக்குற காத்து ஸ்க்ரூவ திறந்து விட்டாரு, அவ்ளோதான்! உள்ள காத்து போகாட்டி டேங்க்ல வேக்குவம் ஆகி பெட்ரோல் வராதாம். ஓஸ்ல இருந்த வெடிப்பையும் காட்டி, இது வழியா காத்து இழுக்கும், சீக்கிரம் மாத்திருங்க தம்பின்னாரு. கையெல்லாம் ஆயில் அவருக்கு. இன்னைக்கு 1 மணி நேரம் நிக்காம ஓடுச்சுண்ணே, ரொம்ப ரொம்ப நன்றி.