பறக்கும் நேரத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு விமானங்களைப் பற்றிய செய்திகளிலும் அட்டவணைகளிலும் தூரம், புறப்படும் நேரம், சென்றடையும் நேரம் எல்லாம் இருக்கின்றன. வானில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்பது மட்டும் பல வேளைகளில் இருப்பதில்லை. போவதற்கும் வருவதற்கும் தனித்தனியே அதையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

சென்ற ஆண்டு கோடையில் என் தாயார் சென்னையிலிருந்து லண்டனுக்குத் தனியாகப் பயணம் செய்தார். அவர் நீரிழிவு நோயாளி. பயண முகவர் தந்த தாளில் 'புறப்பாடு காலை 5.30, வருகை காலை 11.45' என்று மட்டுமே இருந்தது. ஆறேகால் மணி நேரம்தானே என்று காலை மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துவிட்டு, மற்றவற்றைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டோம். கோடையில் லண்டன் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பயணம் உண்மையில் பத்தே முக்கால் மணி நேரம். மதிய மாத்திரை இல்லாமலே சாப்பிட்டு, மிகவும் தளர்ந்துபோய்த்தான் அவர் இறங்கினார். திரும்பும்போது தாளில் கண்ட நேரங்களின்படி பதினான்கரை மணி நேரம் என்று தோன்றியது. பறந்ததோ பத்து மணி நேரம்.

தூரத்தை வைத்து நேரத்தைக் கணிப்பதும் எளிதன்று. இரு நகரங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி சுமார் 8,200 கி.மீ.; மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் ஒன்பது மணி நேரம்தான் வரும். சுவரில் மாட்டிய வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால், நடுப்புள்ளி இராக்கின் மேற்கு எல்லைப் பக்கம் விழுகிறது. தட்டையான வரைபடத்தில் போடும் நேர்கோடு உண்மையில் மிகக் குறுகிய வழி அல்ல என்பதால், என் மகளின் உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். அது குஜராத், பாகிஸ்தானின் பலுசிஸ்தான், ஈரான் வழியாகச் சென்று, பாதி வழியில் காஸ்பியன் கடலைத் தொட்டு, ஜார்ஜியாவையும் உக்ரைனையும் கடந்து லண்டனை அடைந்தது. அந்த நூலின் மேலேயே பறக்க இன்று முடியாது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. சுற்றிப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் நேரத்தில் சேருகிறது.

இதற்கு மேல் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக் காற்று லண்டனுக்குப் போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. என் தாயாரின் இரு பயணங்களுக்கும் இடையே இருந்த முக்கால் மணி நேர வேறுபாட்டுக்கு இதுவே முதன்மைக் காரணம். தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது, தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடியும் இந்தக் காற்றின் துணையால் பயண நேரம் குறைந்தது. தூரத்தை மட்டும் சொன்னால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பேரக்குழந்தைகளைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறும் முதியவர்கள் கோடை விடுமுறையில்தான் அதிகம். அதற்கு முன்பாவது தங்கள் அட்டவணையில் 'பறக்கும் நேரம்' என்ற பத்தியைச் சேர்த்து, சென்றடையும் நேரத்தின் அருகே அதற்கு இணையான இந்திய நேரத்தையும் குறிப்பிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குரோம்பேட்டை, சென்னை