அட்டையில் வரும் பணத்துக்கு அப்பா கணக்குக் கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விவாகரத்தானவர்கள் பிள்ளைகளுக்குத் தரும் ஜீவனாம்சத்தை அமெரிக்காவில் செய்வதுபோல ப்ரீபெய்டு கார்டில் (வங்கிக் கணக்கு இல்லாமலே பணம் போட்டுத் தரும் அட்டையில்) போட்டுவிட்டால், பணம் பிள்ளைக்குத்தான் செலவாகிறதா என்று தகப்பன் பார்த்துக்கொள்ளலாமே என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கார்டுக்கு அப்படியொரு வேலையே கிடையாது. டெக்சாசில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். எனக்கு சைல்ட் சப்போர்ட் (பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம்) பணம் அந்தக் கார்டில்தான் வர ஆரம்பித்தது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே நீதிமன்றம் தொகையைத் தீர்மானித்ததும் உத்தரவு தகப்பன் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போய்விடும். டெக்சாசில் வழக்கமான கணக்கு, வரி முதலியவை போக மீதி வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 20 சதவீதம், இரண்டு பிள்ளைக்கு 25 சதவீதம். அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. கம்பெனி அதைச் சம்பளத்திலேயே பிடித்து மாநில அரசின் பட்டுவாடா மையத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் மாநிலத்து மையம் சான் அன்டோனியோவில் இருக்கிறது. பணம் கைக்கு வந்த இரண்டு வேலை நாளில் அவர்கள் தாய்க்கு அனுப்பியாக வேண்டும். (தகப்பனிடம் பிள்ளைகள் இருந்தால் தகப்பனுக்கு. அப்படியும் இருக்கிறார்கள்.) ஆள் கம்பெனி மாறினால், புதிய கம்பெனி 20 நாளுக்குள் அவர் பெயரை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், பிடித்தம் பின்னாலேயே போகும். ஒரே நாளில் வந்த ஏற்பாடில்லை. 1975இல் சைல்ட் சப்போர்ட் வசூலுக்கு நாடு முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 1988இல் வந்த இன்னொரு சட்டத்தால் 1994 முதல் புதிய உத்தரவுகளுக்குச் சம்பளப் பிடித்தமே பொது விதி ஆனது. மாநிலத்துக்கு ஒரு பட்டுவாடா மையம் என்பது 1996 சட்டத்தில் வந்தது. நாடு முழுக்க வசூலாகும் தொகையில் பெரும்பகுதி இந்தச் சம்பளப் பிடித்தத்தில்தான் வருகிறது.

கார்டு இதற்கெல்லாம் கடைசியில் வருகிறது. முன்பு தபாலில் காசோலை வரும். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் அதைக் காசாக்கும் கடைக்குக் கொண்டுபோய், பிள்ளைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுத்துவிட்டு மீதியை வாங்கி வருவார்கள். அமெரிக்காவில் வங்கிக் கணக்கு இல்லாதவர்களா என்று நம்மூரில் கேட்பார்கள். வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் எஃப்டிஐசி 2023இல் எடுத்த கணக்கெடுப்பில் 4.2 சதவீதக் குடும்பங்களுக்கு, அதாவது சுமார் 56 லட்சம் குடும்பங்களுக்கு, வங்கிக் கணக்கே இல்லை. அவர்களுக்கு இந்தக் கார்டு பெரிய உதவி. காசோலை தொலையாது, வரிசையில் நிற்க வேண்டாம், கமிஷன் இல்லை.

எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. இருந்த ஒரே வங்கிக் கணக்கு கணவரோடு கூட்டுக் கணக்கு. அதில் பணம் வந்து என்ன பிரயோஜனம்? கார்டு என் பெயரில் மட்டும் வந்தது. அதற்காக அந்தக் கார்டுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளை உறை, ஜன்னல் வைத்தது, அரசாங்க முத்திரை எதுவும் இல்லை. கடன் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாரத்துக்கு நாலு உறை வருமே, அதே ஜாடை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா மற்ற விளம்பரத் தாள்களோடு அதையும் கட்டிக் குப்பைக்கு எடுத்து வைத்திருந்தார். பெரியவள் உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "உள்ளே கார்டு இருக்கு பாட்டி" என்று எடுத்துக் கொடுத்தாள். ரகசிய எண் வைக்கப் போன் செய்தால் பதிவு செய்த குரல், ஆங்கிலத்தில் அல்லது ஸ்பானிஷில். பழகாதவர்களுக்கு அது ஒரு தேர்வு எழுதுகிற மாதிரிதான்.

அப்புறம் கட்டணங்கள். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை, கட்டணப் பட்டியலும் கார்டுக்குக் கார்டு மாறும். பொதுவாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவர்கள் வலைப்பின்னலில் இல்லாத ஏடிஎம்மில் எடுத்தால் அந்த ஏடிஎம்காரரும் தனியாகக் கட்டணம் பிடிப்பார். சில கார்டுகளில் ஏடிஎம்மில் இருப்பைப் பார்த்தாலே காசு. மளிகை வாங்கும்போது கல்லாவிலேயே "கேஷ் பேக்" கேட்டு, அதாவது பில்லுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கார்டில் தேய்த்து அதை ரொக்கமாக வாங்கினால் பெரும்பாலும் கட்டணம் இல்லை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நான் கடையில் முன்னால் நின்ற ஒரு மெக்சிகோ அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பெட்ரோல் பங்க்கில் பம்பிலேயே கார்டைச் செருகக் கூடாது. முப்பது டாலருக்குப் போட்டாலும் கார்டு இருப்பிலிருந்து நூறு டாலருக்கு மேல் முன்கூட்டியே நிறுத்தி வைத்துவிடலாம். அது திரும்புவதற்குள் பால் வாங்க கார்டில் இருப்பு இல்லை என்று வரும். உள்ளே போய்க் கல்லாவில் இத்தனை டாலருக்கு என்று சொல்லிப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ப்ரீபெய்டு கார்டுகளுக்கென்று 2019 ஏப்ரலில் வந்த விதிகளுக்குப் பிறகு கட்டணங்களைச் சின்ன அட்டவணையாக முதலிலேயே காட்டுகிறார்கள். கார்டு தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் 50 டாலருக்கு மேல் போகாது என்ற பாதுகாப்பும் உண்டு. தனிக் கணக்கு வைத்திருப்பவர்கள் கார்டையே விட்டுவிட்டு நேரடியாக வங்கிக்கு வரவழைத்துக்கொள்ளலாம். நான் பிறகு அப்படித்தான் மாற்றிக்கொண்டேன்.

இனி அந்த வாசகரின் கேள்வி. நான் கார்டை எங்கே தேய்த்தேன் என்று பிள்ளைகளின் அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாது. அவர் எவ்வளவு கட்டினார், எந்தத் தேதியில் கட்டினார் என்பது இருவருக்கும் தெரியும். செலவு விவரம் அவருக்குப் போகாது, அரசும் கேட்பதில்லை. ஒருசில மாநிலங்களில் தக்க காரணம் இருந்தால் நீதிபதி கணக்குக் கேட்கலாம். அது நீதிபதியின் வேலை, கார்டின் வேலை அல்ல.

கேட்டால்தான் என்ன என்று தோன்றலாம். என் முன்னாள் கணவர் கேட்டார். ஒரு மாதத்து மளிகை ரசீதுகளைப் படமெடுத்து அனுப்பினேன். பால், ரொட்டி, முட்டை, பென்சில், சின்னவனின் இருமல் மருந்து எல்லாம் இருந்தன. அவர் கண்ணில் பட்டது தலைமுடிச் சாயம். "பிள்ளைக்கு எதுக்கு டை?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். மருந்துக்கடையில் நின்று நான் சம்பாதிப்பதில் வாங்கியது அது. எந்த டாலர் யாருடையது என்று ரசீதில் அச்சடித்தா தருகிறார்கள்? அதோடு ரசீது அனுப்புவதை நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளைக்கு ஆகும் பெரிய செலவு எந்தக் கடை ரசீதிலும் தெரியாது. நான் ஒருத்தி என்றால் ஒரு படுக்கையறை வீடு போதும். பன்னிரண்டு வயதுப் பெண்ணும் எட்டு வயதுப் பையனும் இருப்பதால் இரண்டு அறை வேண்டும், நல்ல பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமாகவும் வேண்டும். அந்த வாடகை வித்தியாசம் முழுக்கப் பிள்ளைகளின் செலவு. ஆகஸ்டு மாதம் டெக்சாசில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது ஓடுகிற ஏசி, அதற்கு வரும் மின்கட்டணம், அதுவும் அவர்கள் செலவுதான். கார்டு அறிக்கையில் பார்த்தால் "வாடகை" என்று என் பெயரில் நிற்கும். கண்காணிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் கண்ணில் படுவது சாயப் பெட்டி மட்டும்தான்.

ஆஸ்திரேலியாவில் அரசு உதவித்தொகையை இதுபோல் கட்டுப்படுத்திய கார்டில் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் அந்நாட்டின் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் செடூனா என்ற ஊர்ப் பகுதியில் ஆரம்பித்தார்கள். கொடுக்கும் தொகையில் பெரும்பகுதியைப் பணமாக எடுக்க முடியாது, மது வாங்க முடியாது, சூதாட முடியாது. அடுத்து வந்த அரசு அந்தத் திட்டத்தையே கலைத்துவிட்டது, 2023இல் முடிந்துபோனது. அது சைல்ட் சப்போர்ட் இல்லை, வேறு விஷயம்தான். ஆனால் கார்டைக் காவல்காரனாக வைக்கலாம் என்ற யோசனை புதிதில்லை என்பதற்குச் சொல்கிறேன். அவ்வளவு தூரம் ஏன், 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பித்தபோது மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்குப் போனது, ஏடிஎம் கார்டும் கொடுத்தார்கள். எதற்குச் செலவழித்தாய் என்று யார் கேட்கிறார்கள்?

தகப்பன்மாருக்கும் இந்த ஏற்பாட்டில் லாபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அரசு வழியாகக் கட்டினால் தேதி போட்ட பதிவு இருக்கும். கையில் ரொக்கமாகக் கொடுத்தவர்கள், அது அன்பளிப்பு, ஜீவனாம்சக் கணக்கில் சேராது என்று கேட்டு நொந்துபோன கதை இங்கே நிறைய.

ஆகவே தமிழ்நாட்டுக்கு ஏதாவது இறக்குமதி செய்வதென்றால் கார்டை அல்ல, அதற்கு முன்னால் இருக்கும் சம்பளப் பிடித்தத்தைக் கேளுங்கள். தொட்டியில் தண்ணீர் ஏறாமல் குழாய்க்குப் புது முனை வைத்து என்ன ஆகும்? ஊரில் என் சித்தி மகள் கையில் ஜீவனாம்ச உத்தரவு இருக்கிறது. அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் வாங்கியது. 2024 ஜூலையிலிருந்து அதே விஷயம், அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 144ஆவது பிரிவு. தர வேண்டியவர் கட்டாமல் நின்றால் இவள்தான் மறுபடி மனு போட வேண்டும், அதுவும் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள். வாரண்ட், வாய்தா, அடுத்த வாய்தா. அவளிடம் வங்கிக் கணக்கும் இருக்கிறது, ஏடிஎம் கார்டும் இருக்கிறது. அதில் பணம்தான் வருவதில்லை.

இங்கே இருக்கும் நம்மவர்களைப் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது, உங்கள் பத்திரிகை எடுத்து எழுத வேண்டியது அதுதான். தகப்பனின் அமெரிக்கச் சம்பளம் நின்றால் கார்டும் நின்றுவிடும். வேலை போய் அவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டால், அங்குள்ள கம்பெனிக்கு டெக்சாஸ் உத்தரவு செல்லாது. பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கொடுக்க மறுப்பார்கள் என்பது அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குத்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவரை அது தொடாது. நாடு தாண்டி ஜீவனாம்சம் வசூலிக்க 2007இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அமெரிக்காவுக்கு அது 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. என் தோழி ஒருத்தியின் கணவர் இப்படித்தான் போனார். அவளுக்குப் பாக்கித் தொகை காகிதத்தில் மாதாமாதம் ஏறுகிறது. வேண்டுமானால் இந்தியா போய்ப் புதிதாக வழக்குப் போடு என்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, எந்த ஊர் நீதிமன்றத்தில் போய் நிற்பாள்?

இந்தியா அந்த உடன்படிக்கையில் ஏன் சேரவில்லை, சேர்ந்தால் என்ன மாற வேண்டும் என்று சட்டம் தெரிந்த ஒருவரை வைத்து நீங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதுவதற்கு எங்களுக்கு அது கையில் இருந்தால் உதவும்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் படிக்கும் வயது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டெக்சாஸ்