ஆறாம் அதிகாரியின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டைட்டானிக் நினைவு நாளை ஒட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கப்பலின் ஆறாம் அதிகாரி ஜேம்ஸ் மூடியை ஒரே வரியில் முடித்துவிட்டது: தொலைபேசியை எடுத்தார், ‘நன்றி’ என்றார், பிறகு என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. இது சரியல்ல. தெரியும். 1912-ல் நடந்த இரண்டு விசாரணைகளின் சாட்சியங்களில் அவர் செய்த வேலை சிதறிக் கிடக்கிறது. ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இளநிலை அதிகாரிகள் நால்வரில் பிட்மன், பாக்ஸ்ஹால், லோ மூவரும் பிழைத்தார்கள். தாங்கள் செய்ததைத் தாங்களே விசாரணையில் சொன்னார்கள். இறந்தவர் மூடி ஒருவர்தான். வயது 24. ஆகவே பிறருடைய குறிப்பேட்டில் அவர் பெயர் விழுந்திருக்கும் இடங்களைத் தேடியெடுத்து, பேரேட்டில் அவருக்கென ஒரு பக்கம் திறந்து ஏற்ற வேண்டும். ரங்கூன் கடைக் கணக்கை ஊரிலிருந்தே ஒத்துப் பார்த்துப் பழகிய செட்டிநாட்டில் இந்த வேலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பதிவு, ஏப்ரல் 14 இரவு 11.40. கொடிமரத்தின் கண்காணிப்புக் கூண்டிலிருந்து பனிமலையைக் கண்ட ஃபிளீட், தொலைபேசியில் பதில் சொன்னவர் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெயர் சுக்கான் பிடித்திருந்த ஹிச்சென்ஸின் சாட்சியத்தில் இருக்கிறது: எடுத்தவர் மூடி, கேட்டதை உடனே காவல் பொறுப்பில் இருந்த முதல் அதிகாரி மர்டாக்கிடம் உரக்கச் சொன்னார், சுக்கான் முழுவதும் திரும்பிவிட்டதையும் அவரே அறிவித்தார். ஆனால் ஹிச்சென்ஸ் நின்றது மூடிய சுக்கான் அறைக்குள். அவர் காதால் கேட்டதை மட்டுமே நம்பலாம், வெளியே நடந்ததற்கு அவர் சாட்சியல்ல.

இந்த இடத்தில் தங்கள் கட்டுரையில் இன்னொரு பிழையும் இருக்கிறது. மர்டாக் இட்ட ஆணை ‘ஹார்ட் எ ஸ்டார்போர்டு’. அதைக் ‘கப்பலை வலப்புறம் திருப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கால வழக்கில் அந்த ஆணை சுக்கானின் கைப்பிடியைக் குறித்தது. கைப்பிடி வலப்புறம் போனால் கப்பலின் முகப்பு இடப்புறம் திரும்பும். பனிமலை வலப்பக்கத்தை உரசியது அதனால்தான்.

அடுத்த பதிவு, இடப்பக்கப் பின்புறப் படகுகள். இரட்டை எண்கள் இடப்பக்கம், ஒற்றை எண்கள் வலப்பக்கம். 14-ம் படகருகே நடந்த பேச்சை ஐந்தாம் அதிகாரி லோ பிரிட்டிஷ் விசாரணையில் சொன்னார். ஐந்து படகுகள் அதிகாரி இல்லாமல் போய்விட்டன, இவற்றில் ஒன்றிலாவது ஓர் அதிகாரி போக வேண்டும், நீயா நானா என்று லோ கேட்டார். ‘நீங்கள் போங்கள், நான் வேறு படகில் வருகிறேன்’ என்றார் மூடி. வேறு படகில் அவர் ஏறவே இல்லை.

மூன்றாவதுதான் கனமான பதிவு. விளக்குகளைப் பராமரித்த ஹெமிங் அமெரிக்க விசாரணையில் சொன்னது. அவர் வலப்பக்கம் வந்தபோது ‘சி’ என்னும் மடிப்புப் படகு அப்போதுதான் இறங்கியிருந்தது. படகுகளைக் கடலில் இறக்கும் அதே இரும்புக் கைகளில் அடுத்து ‘ஏ’ படகைத் தொங்கவிட வேண்டும். ‘ஏ’ இருந்ததோ அதிகாரிகளின் அறைகளுக்கு மேலே, கூரையில். கீழே போன கயிற்றைக் கப்பியோடு மேலே இழுத்து, முறுக்கு எடுத்து, படகைக் கூரையிலிருந்து இறக்கி, நகர்த்தி வந்து மாட்ட வேண்டும். கப்பல் இடப்பக்கம் சாய்ந்திருந்ததால் வலப்பக்க விளிம்பை நோக்கித் தள்ளுவது மேட்டில் வண்டி தள்ளுவது போல. ஹெமிங் முறுக்கை எடுத்துக் கப்பியை மேலே நீட்டினார். கூரையில் நின்ற மூடி சொன்னார்: ‘கப்பி வேண்டாம். படகை மேல்தளத்திலேயே விட்டுவிடுவோம்.’ ஹெமிங் கயிற்றைப் போட்டுவிட்டு, கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜுக்குப் போய் எட்டிப் பார்த்தபோது தண்ணீர் அங்கே ஏறிக்கொண்டிருந்தது.

அதைப் படகைக் கைவிட்டவரின் சொல்லாக நாங்கள் படிக்கவில்லை. மாட்டி இறக்க நேரமில்லை, தண்ணீர் வந்தால் படகு தானே மிதக்கும் என்று கணித்தவரின் சொல்லாகவே படிக்கிறோம். நடந்ததும் அதுதான். மடிப்புப் படகின் பக்கச் சுவரான கித்தான் துணியை உயர்த்தக்கூட நேரமில்லாமல், தண்ணீர் புகுந்த நிலையில் ‘ஏ’ மிதந்து போனது.

நேரத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பிரிட்டிஷ் விசாரணையை நடத்திய மெர்சி பிரபுவின் அறிக்கை ‘சி’ படகு 1.40-க்கு இறங்கியதாகப் போட்டிருக்கிறது. கப்பல் மூழ்கியது 2.20. ‘சி’ இறங்கிய சற்று நேரத்தில் பிரிட்ஜில் தண்ணீரைப் பார்த்தவரின் வாக்குமூலத்தோடு 1.40 ஒத்துப்போகாது. அந்தப் பட்டியல் மதிப்பீடுதான். கடிகார நேரத்தைவிட ‘இதற்குப் பின் இது’ என்ற வரிசையே உறுதியானது. அதுபோலவே, பயணிகள் ‘ஓர் அதிகாரி’ என்று மட்டும் சொன்ன எதையும் மூடியின் பக்கத்தில் ஏற்றக்கூடாது. பெயர் சொன்ன சாட்சி மட்டுமே வரவு. இந்தக் கண்டிப்போடு பார்த்தாலும் மூடி 11.40 முதல் பிரிட்ஜில் தண்ணீர் ஏறும் வரை வேலையில் இருந்தார் என்பது நிற்கிறது. ‘யாருக்கும் தெரியாது’ என்ற வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

‘ஏ’ படகில் உயிரோடு இருந்தவர்களை விடியும் வேளையில் 14-ம் படகோடு வந்து ஏற்றிக்கொண்டவர் லோ. மூன்று உடல்களோடு விடப்பட்ட அந்தப் படகை 1912 மே 13 அன்று நடுக்கடலில் கண்டெடுத்த கப்பல் ஓஷியானிக். டைட்டானிக்குக்கு வருமுன் மூடி பணிபுரிந்தது அந்தக் கப்பலில்தான்.

இப்படிக்கு,
கப்பல் வரலாறு படிக்கும் வாசகர்கள்,
காரைக்குடி.